கோமாளி மூக்குக்குக் காத்திருந்த சினிமா

வர மாட்டேன்னு நான் எப்பத் தம்பி சொன்னேன்? டீ குடிச்சுட்டு வர்றேன்னுதான் சொல்லி அனுப்பினேன். உங்க டைரக்டருக்கு ரெண்டும் ஒண்ணாக் கேக்குது போல. உக்காருங்க. வேர்த்துக் கொட்டுது பாருங்க. ஸ்டுடியோவுலேருந்து ஓடியேவா வந்தீங்க, மொதலாளி கார் என்னாச்சு? ஓகோ, கார்ல பூ கட்டிக்கிட்டிருக்காங்களா. சாயங்காலக் கல்யாணத்துக்கு. கட்டட்டும், கட்டட்டும். ஏம்மா, இந்தத் தம்பிக்கு ஒரு கிண்ணம் வெச்சு டீ ஊத்து. அந்த இறால் கொழுக்கட்டைத் தட்டை இப்படிக் கொண்டா.

வேணாமா? அட, சாப்பிடுங்க. என்னைக் கூட்டிக்கிட்டு வராமத் திரும்பி வராதேன்னுதானே அனுப்பியிருக்காங்க? அப்ப நான் எந்திரிக்கிற வரைக்கும் உங்களுக்கும் இங்கதான் வேலை. வெறும் வயித்தோட எதுக்குப் பாக்கணும்? எங்க வடக்கத்தி ஊர்ல கொழுக்கட்டைன்னா ஒண்ணு தின்னா ஒரு வேளைக்குப் போதும். இந்த ஹாங்காங்காரங்க கட்டைவிரல் அளவுக்குப் பண்ணி வெச்சுக்கிட்டு அதைத் திங்க மாடி வெச்ச டீக்கடை வேற கட்டியிருக்காங்க. பழகிப் போச்சு, என்ன பண்றது.

என்ன சொல்றீங்க, எல்லாரும் கழுவின மூஞ்சியோட உக்காந்திருக்காங்களா? ராஜபார்ட் ஷாங் அண்ணனுமா? டைரக்டர் கத்தினாரா? மொதலாளி கெஞ்சினாராமா! ஐயையோ, அதை நேர்ல பாக்கக் குடுத்து வெக்கலையே எனக்கு. தெங் கோமாளி வந்து மூக்குல வெள்ளை வெக்காம நாங்க பிரஷ்ஷைத் தொட மாட்டோம்னுட்டாங்களா. நல்ல புள்ளைங்க.

நீங்க காலேஜ் படிச்ச புள்ளை, உங்களுக்கு இதெல்லாம் சிரிப்பாத்தான் இருக்கும். பீக்கிங் நாடகத்துல இது ஒரு மொறை தம்பி. கோமாளி மூக்குல வெள்ளைப் பொட்டு விழுந்தப்புறந்தான் மத்தவன் அரிதாரத்தைத் தொடலாம். ராஜாவா வர்றவன், ராணியா வர்றவ, யாரா இருந்தாலும் சரி. அந்தக் காலத்துல ஒரு சக்கரவர்த்திக்கு நாடகப் பைத்தியம் முத்திப் போயி, அவரே மூக்குல வெள்ளையைத் தடவிக்கிட்டுக் கோமாளியா ஆடினாராம். சக்கரவர்த்தி பூசறதுக்கு முன்னாடி எவன் பூசுவான்? தலை இருக்குமா? இப்ப சக்கரவர்த்தியும் இல்ல, அவங்க பரம்பரையும் இல்ல, அந்தப் பயம் மட்டும் எங்க கம்பெனியில பத்திரமா இருக்கு. மேடையில என்னை எட்டி உதைப்பாங்க, காதைப் புடிச்சுத் திருகுவாங்க. மேடைக்குப் பின்னாடி, நான் மூக்கைத் தொடற வரைக்கும் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கிட்டு நிப்பாங்க. எனக்குன்னு இருக்கிற மரியாதை அது ஒண்ணுதான்.

நேத்து உங்க மேக்கப் மாஸ்டர் என்ன பண்ணார் தெரியும்ல? கலர் படத்துல இந்த வெள்ளை கண்ணைக் குத்தும் பெரியவரேன்னு, என் கிண்ணத்தை எடுத்துத் தொட்டியில கவுத்துட்டு, ஒரு அமெரிக்கா டப்பாவை நீட்டினார். நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். இன்னிக்கிக் காலையில பாத்தா எனக்குக் கோவம் வந்திருக்கு. கோமாளிக்குக் கோவம் வரக் கூடாதுன்னு சட்டமா இருக்கு? மன்னிப்புக் கேக்கறாரா? கேக்கட்டும். நேர்ல வந்தா கேக்கறாரு, உங்க மூலமாவா? அப்ப அது எனக்கு இன்னும் வந்து சேரல தம்பி.

மத்தியானம் வரைக்குந்தான் தளமா? தெரியும். அதுக்கப்புறம் வேற கம்பெனிக்காரன் வந்து நம்ம கல்யாண மண்டபத்தைப் பிரிச்சுட்டு அங்க ஜெயில் கட்டப் போறானாமே. பொருத்தமாத்தான் இருக்கு. நமக்கு ஒரு சீன்தானே பாக்கி? மாப்பிள்ளை வந்து பொண்ணோட முக்காட்டைத் தூக்கறான், சுபம். காலையில எம்பொண்ணு பெய்லானுக்குப் படத்துல கல்யாணம், சாயங்காலம் அதே சிவப்புப் பட்டோட மொதலாளிக்கு மூணாந்தாரம். துணி செலவு மிச்சம் பாருங்க. குவான் மொதலாளி சும்மாவா மொதலாளி ஆனாரு.

போன வருஷம் எவனோ ஒரு புண்ணியவான் ஒரு நாடகத்தைப் படமா எடுத்து வெளியிட்டான். அது இங்க ஓடிச்சு, பாங்காக்குல ஓடிச்சு, சிங்கப்பூர்ல கொட்டகை வாசல்ல போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைச்சாங்களாம். அவ்வளவுதான். அரிசி மண்டிக்காரன், பல் டாக்டரு, பன்னிப் பண்ணை வெச்சிருந்தவன், அத்தனை பேரும் புரொட்யூசர் ஆயிட்டாங்க. எங்க மாதிரி வடக்கேருந்து ஓடி வந்து, கோயில் திருவிழாவுல ஆடிக்கிட்டுக் கெடந்த கம்பெனிங்களைத் தேடி வாசல் வாசலாக் கார் வந்து நின்னுச்சு. எங்களுக்கு வாய்ச்சது சோயா சாஸ் குவான். மொத நாள் வந்து உக்காந்து முழு நாடகத்தையும் பாத்தாரு. பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: இவ்வளவு இழுத்து இழுத்துப் பாடறீங்களே, பிலிம் என்ன வெலை தெரியுமான்னாரு. ராத்திரி பூரா ஆடற நாடகத்தை ஒண்ணரை மணி நேரமாச் சுண்டக் காய்ச்சிட்டாரு. சாஸ் காய்ச்சின கை, வேற என்ன செய்யும்?

சிரிங்க தம்பி, தாராளமாச் சிரிங்க. நான் சொல்ல மாட்டேன்.

ஆனா உங்க டைரக்டரு இருக்காரே, ஜியாங், அவரு வேற ரகம். அவருக்கு எல்லாம் அசலா இருக்கணும். நாடகத்துல கதவுன்னு ஒண்ணு கெடையாது. ரெண்டு கையாலயும் தாழ்ப்பாளை எடுக்கற மாதிரி எடுத்து, தள்ளற மாதிரி தள்ளி, காலைத் தூக்கி வெச்சா வாசப்படியைத் தாண்டியாச்சு. அதுக்கே ஜனங்க ஓன்னு கத்துவாங்க. ஜியாங் என்ன பண்ணாரு, தேக்குல நெசக் கதவே செஞ்சு மாட்டிட்டாரு. ஷாங் அண்ணன் பாடிக்கிட்டே வந்தாரு. நெசக் கதவுக்கு ஒரு முழம் முன்னாடியே இல்லாத கதவைத் தொறந்தாரு, இல்லாத படியைத் தாண்டினாரு, நேராப் போயி இருக்கிற கதவுல மடேர்னு முட்டிக்கிட்டாரு. நெத்தி வீங்கிப் போச்சு. திருப்பித் திருப்பி எடுத்தும் அதே கூத்துதான். கால் பழகினது அப்படி, மனுஷன் என்ன பண்ணுவாரு? கடைசியில கதவைக் கழட்டி வெச்சுட்டுத்தானே எடுத்தீங்க?

குதிரை கதை அதை விட மோசம். எங்களுக்குக் குதிரைன்னா கையில ஒரு சாட்டை. இவரு ரேஸ்ல ஓடி ஓய்ஞ்ச ஒரு கெழட்டுக் குதிரையைப் புடிச்சுட்டு வந்தாரு. வெண்கலத் தாளம் ஒரு தட்டு தட்டினாங்க, அது ரேஸ்னு நெனச்சுக்கிட்டு கேட்டைத் தாண்டிப் பறந்துடுச்சு. நம்ம அண்ணன் கவனிக்கவே இல்ல. இல்லாத குதிரையிலேருந்து எறங்கி, இல்லாத கயித்தை மரத்துல கட்டி, இல்லாத கழுத்தைத் தடவிக் குடுத்துக்கிட்டிருக்காரு. காமிராக்காரன் அழுதுட்டான். அந்த அண்ணன் முகத்தைக் கிட்டத்துல எடுக்கணும்னு வேற ஆசை உங்க ஆளுக்கு. ஷாங் அண்ணனுக்கு அம்பது தாண்டியாச்சு தம்பி. மேடையில தூரத்துலேருந்து பாத்தா இருபதுதான். காமிரா மூக்குக்கு நேரா வந்தா சுருக்கமெல்லாம் வரிசையா நிக்குது. காதுக்குப் பின்னாடி பிளாஸ்திரி போட்டுக் கன்னத்தை இழுத்து ஒட்டிட்டாங்க. சிரிச்சா பிச்சுக்கும். படம் பூரா சிரிக்காமலே காதல் பண்றாரு பாவம்.

ஒரு நிமிஷம் தம்பி, இன்னொரு கிண்ணம் ஊத்திக்கறேன். எந்திரிக்காதீங்க, இதோ கெளம்பிடலாம்.

ஜியாங் டைரக்டருக்கு எங்க மொறைங்க மேல அப்படி ஒரு பக்தி. பரம்பரை வழக்கம்னு சொல்லிட்டாப் போதும், செருப்பைக் கழட்டிட்டு நிப்பாரு. மத்தளக்காரன் ஒரு நாள், மொத அடி அடிக்கறதுக்கு முன்னாடி வறுத்த வாத்துக் கால் ஒண்ணு தின்னாத்தான் தாளம் நிக்கும், அது பரம்பரை மொறைன்னான். தெனமும் வாத்துக் கால் வந்துச்சு பாத்தீங்களா? பொய்தான், பின்னே? அந்தப் பய வாத்துக் காலைக் கண்டு எத்தனை வருஷமோ. இருங்க இருங்க, மூக்கு மொறையும் பொய்யான்னு கேக்காதீங்க. அது சத்தியமா நெசம். எந்தக் கம்பெனியில வேணா போயி விசாரிச்சுக்குங்க.

மொத நாள் பூசைக்கு முழுப் பன்னி வறுத்து வெச்சிருந்தாங்களே, அன்னிக்கி நீங்க இருந்தீங்களா? பத்திரிகைக்காரங்க சுத்தி நின்னாங்க. மொதலாளி கோப்பையைத் தூக்கிப் புடிச்சு, இந்தப் படம் முடியற அன்னிக்கே இதோட கதாநாயகியைக் கட்டிக்கப் போறேன்னாரு. யாருகிட்டயும் கேக்கல. அவகிட்ட கேக்கல, என்கிட்ட கேக்கல. சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, என்ன மாமனாரே, சரிதானேன்னாரு. நான் சிரிச்சேன். பயந்தாலும் சிரிப்பேன், அடிச்சாலும் சிரிப்பேன், என் பொழப்பு அப்படி. மறுநாள் பேப்பர்ல என் பல்லு தெரியுது, மாமனார் பூரிப்புன்னு கீழ போட்டிருக்கான்.

அவ சும்மா இருக்கல. அங்கேயே, அத்தனை பேர் முன்னாடி, எனக்கு இஷ்டமில்லைங்கன்னு சொன்னா. தெளிவாத்தான் சொன்னா. மொதலாளி விழுந்து விழுந்து சிரிச்சாரு. நல்ல குடும்பத்துப் பொண்ணுங்க மொதல்ல இப்படித்தான் சொல்லுவாங்கன்னாரு. அன்னியிலேருந்து நாங்க தங்கியிருக்கிற வீட்டு வாசல்ல அவரோட தடியனுங்க ரெண்டு பேரு. பாதுகாப்புக்காம். தக்காளி வாங்கப் போனாலும் ஒருத்தன் கூடவே வர்றான்.

இல்ல தம்பி, குத்தம் சொல்லல. எவ்வளவு பெரிய எடம்! மூத்தவளுக்கு ஒரு வீடு, எளையவளுக்கு ஒரு வீடு, எம்பொண்ணுக்குக் கரண்டு விசிறி வெச்ச மூணாவது வீடு. மேடை மட்டும் இனிமே கெடையாதுன்னுட்டாரு. நீங்க அவ சண்டை ஆட்டத்தைப் பாத்திருக்கீங்களா? நாலு பக்கத்துலேருந்தும் ஈட்டி வரும். ஒண்ணைக் காலால உதைச்சுத் திருப்பி அனுப்புவா, ஒண்ணை முதுகுல வாங்கித் தட்டி விடுவா, ஒண்ணுகூடக் கீழ விழாது. அதுக்குன்னே எழுதின நாடகம் இது, பெண் தளபதி கதை. படத்துல அந்தச் சண்டை எங்கன்னு கேட்டேன். என் பெண்டாட்டி காலைத் தூக்கறதைப் பினாங்குக்காரன் பாக்கணுமான்னு மொதலாளி வெட்டிட்டாராம். தளபதி இப்ப படம் பூரா சன்னல் பக்கத்துல உக்காந்து அழுவறா. மூணு தலைமொறையா எங்க குடும்பத்துல யாரும் அழற வேஷம் கட்டினதில்ல.

அவ எப்படி இருக்கா அங்க? முக்காட்டோட உக்காந்திருக்காளா? சரிதான். இது கடைசி நாள், கல்யாணச் சீன். கோமாளி மூக்குல வெள்ளை விழற வரைக்கும் மணப்பொண்ணு முகத்தைக் காட்டவும் கூடாது, வாயைத் தொறக்கவும் கூடாது. ஜியாங் டைரக்டருக்கு இதைக் கேட்டதும் கண்ணுல தண்ணியே வந்துடுச்சாமே? போட்டோவா? விதவிதமா எடுத்தாங்களா? எடுக்கட்டும்.

என்னது, மொதலாளி பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரா? காலையிலேருந்தா? அடடா. காதோட காதா என்ன பேசறாராம்? கேக்கலையா. கையைப் புடிச்சாரா! கையை மூடிக்கிட்டுப் பட்டுச் சட்டையோட நீளக் கை தொங்குதே, அதோட சேத்தா? உருவிக்கிட்டுச்சா. ம்ம். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச்சா. வெக்கம் தம்பி, வெக்கம். மூணாவது கல்யாணத்துல மொதலாளிக்கு மறந்திருக்கும், பொண்ணுங்களுக்கு அதெல்லாம் உண்டு.

மணி என்ன ஆச்சு? அவ்வளவுதானா?

கோவப்படாதீங்க. உங்க வேலை போயிடும்னு பயமா? போகாது. தெங் கோமாளி திமிர் புடிச்சவன், கெழட்டுக் கழுதை, எவ்வளவு கெஞ்சியும் அசையலைன்னு சொல்லுங்க. நானும் ஆமாங்கறேன். ஒரு வாய் டீ குடிங்க, ஆறிப் போச்சு பாருங்க.

கேட்டீங்களா? ஊதினது. இருங்க, இன்னொரு தடவை ஊதும். ஊதிடுச்சு. எந்திரிச்சு இப்படி வந்து பாருங்க தம்பி, அந்தக் கறுப்புப் பொகைக்கூண்டு, அது தான். பினாங்கு கப்பல். துறையை விட்டு நகந்தாச்சு. இனிமே மொதலாளிக்கு எத்தனை துறைமுக அதிகாரியைத் தெரிஞ்சாலும் திருப்ப முடியாது.

எம்பொண்ணு அதுல போறா.

உக்காருங்க. ஓடினா மட்டும் என்ன ஆகப் போகுது? முக்காட்டுக்குள்ள யாருன்னு கேக்கறீங்களா? எங்க பாங் அண்ணன். கெழவி வேஷம் கட்டறவரு, நாடகத்துக்குப் பாட்டி, நெசத்துல அறுபத்தஞ்சு வயசு ஆம்பளை. மொதலாளி காலையிலேருந்து கையைப் புடிச்சுக் கொஞ்சிக்கிட்டிருக்கறது அவரைத்தான். பாவம், விடியக்காலையில டீ வேற குடிச்சாரு, எந்திரிச்சுப் போகக்கூட வழியில்ல. சீக்கிரம் போயி விடுதலை பண்ணுங்க. முக்காட்டு மொறையா? அப்படி ஒண்ணு எந்தக் கம்பெனியிலயும் கெடையாது. காலையில மொகம் கழுவறப்ப நாங்க பண்ணினது அது.

பாங் அண்ணன் சிவப்புப் பட்டும் முக்காடுமா மொதலாளி கார்ல ஏறிப் போனாரு. ரெண்டு தடியனும் கார் பின்னாடியே போனானுங்க. ஒருத்தன் மட்டும் சந்தேகப்பட்டு வாசலுக்குத் திரும்பி வந்தான். அவன் கண்ணு முன்னாடியே எம்பொண்ணு பாங் அண்ணனோட அழுக்குக் கோட்டைப் போட்டுக்கிட்டு, கம்பை ஊனிக்கிட்டு, இருமிக்கிட்டே எறங்கிப் போனா. கெழவரே பாத்துன்னு அவனே கையைப் புடிச்சு விட்டான். பினாங்குல நல்ல கம்பெனி, ரொம்ப நாளா அவளைக் கேட்டுக்கிட்டிருந்தாங்க. அவ ஈட்டி ஆட்டத்தைப் பத்திக் கேள்விப்பட்டுத்தான் கேட்டாங்க. படகுத்துறையில அவங்க ஆளு சீட்டோட நின்னுச்சு.

மேக்கப் மாஸ்டர் மேல எனக்கு என்ன கோவம்? அந்தாளு ஒரு அப்பாவி. என் வெள்ளையைக் கொட்டினது நல்லதாப் போச்சு, இல்லாட்டி வேற காரணம் தேடி அலைஞ்சிருப்பேன். என் மூக்கை நல்லாப் பாருங்க தம்பி. இந்த ஓரத்துல, துடைச்சும் போகல. வீட்டுல மிச்சமிருந்த வெள்ளையைக் காலையிலயே வெச்சுட்டேன். அவ மொகத்துல கெழவன் சுருக்கம் போடணும், எம்பொண்ணா இருந்தாலும் மொறையை மாத்த முடியுமா? மொதப் பொட்டு எனக்கு வெச்சுக்கிட்டேன், அப்புறம் அவளுக்கு வரைஞ்சேன். கம்பெனியில அத்தனை பேரும் பாத்துக்கிட்டுத்தான் நின்னாங்க. அவங்க எப்ப வேணும்னாலும் பூசியிருக்கலாம். ஒருத்தரும் பூசல.

நீங்க வரலையாப்பான்னு கேட்டா. கண்ணாடியைப் பாத்துக்கிட்டே கேட்டா, என்னைப் பாக்கல. நான் எப்படிப் போறது? ஷாங் அண்ணன் வராட்டி இன்னொருத்தனை வெச்சு எடுத்துடுவாங்க. அவளே வராட்டிக்கூட முக்காட்டைப் போட்டு எவளையாவது உக்கார வெச்சுடுவாங்க. கோமாளி வராட்டிதான் எல்லாம் நிக்கும். நான் இங்க உக்காந்து டீ குடிச்சாத்தான் கப்பல் கெளம்பும். இத்தனை வருஷத்துல அந்த மரியாதையை நான் எதுக்கும் உபயோகிச்சதில்ல தம்பி, ஒரு வாத்துக் காலுக்குக்கூட.

அழுகை வருது, மறைக்கல. சிரிப்பும் வருது. என்ன கண்ராவி மூஞ்சியோ, அப்படியே இருக்கட்டும். இனிமே அவளை எங்க பாக்கப் போறேனோ, பாக்கவே போறதில்லையோ. டீக்கு நான் குடுத்துட்டேன், நீங்க எடுக்காதீங்க. வாங்க, போவோம். அடிப்பாரா, போலீஸ்ல குடுப்பாரா, இந்த ஊர்ல எந்த மேடையிலயும் என்னை ஏற விடாமப் பண்ணுவாரா, பண்ணிக்கட்டும். அவரு புடிச்சு வெச்சுக்கறதுக்கு என்கிட்ட இனிமே ஒண்ணும் இல்ல.